நாட்காசும் மாதக் கணக்கும்

திருக்குறளின் பொருட்பாலில் நல்குரவு, இரவு, இரவச்சம் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இல்லாமை, இரத்தல், இரப்பதற்கு அஞ்சுதல் என அவற்றின் ஒழுங்கு அமைந்துள்ளது. இல்லாதவன் இரக்க நேரிடும். மானமுள்ளவன் இரக்க அஞ்சுவான். ஆயின், இரக்கவும் அஞ்சிப் பட்டினி கிடக்கவும் இயலாதவன் அன்றாடம் யாது செய்கின்றான் என்பதற்குத் தனி அதிகாரம் இல்லை. பெருநகரொன்றில் வாழும் ஏழைக் குடும்பம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது எழுதப்படாத அந்த அதிகாரத்தினுள்ளேதான். கடைக் கொப்பி, சீட்டு, அடகு, வட்டி என்பன அதன் உட்பிரிவுகள். இவை யாவற்றையும் சேர்த்துப் பேச்சுவழக்கிற் 'சமாளித்தல்' என்பர்.

இச்சமாளித்தலை வெளியிலிருந்து நோக்குவோர் இரு வகையினர். ஏழைகளுக்குச் சேமிக்கத் தெரியாது, கையில் வந்ததை அன்றே செலவழித்துவிடுகின்றனர் எனக் குறைகூறுவோர் ஒரு சாரார். எத்துன்பத்தையும் தாங்கி நிமிரும் ஆற்றல் ஏழைகளுக்கு இயல்பிலேயே உண்டு எனப் புகழ்வோர் மற்றொரு சாரார். இரு சாராரிடமும் உள்ள குறை ஒன்றே. அவர்கள் அக்குடும்பத்தின் கணக்கைப் பார்ப்பதில்லை. அக்கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்பின், அங்கு நிகழ்வது அறியாமையும் அன்று, அற்புதமும் அன்று. நாளுக்கு நாள் வரும் நிச்சயமற்ற காசைக் கொண்டு, தவணை தவறாது வரும் செலவுகளை எதிர்கொள்ளும் கடினமான உழைப்பே அது என்பது புலனாகும். அவ்வுழைப்புக்கு ஒரு விலையும் உண்டு. அவ்விலையைச் செலுத்துபவர் யார் என்பதே இங்கு முக்கியமான வினாவாகும்.

கொழும்பின் வடபகுதியை எடுத்துக்கொள்ளலாம். மலைநாட்டாருக்குத் தோட்டம் என்றதும் தேயிலை நினைவுக்கு வரும். மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோருக்கோ தோட்டம் என்பது ஒரு முடுக்கினுள்ளே, சுவரோடு சுவர் ஒட்டி, பொதுக் குழாயைச் சுற்றி நெருங்கிய குடியிருப்பு. ஒருகாலத்தில் உண்மையாகவே தோட்டங்களாயிருந்த நிலங்களின் பெயர்கள் வீடுகள் எழுந்த பின்னரும் ஒட்டிக்கொண்டன. 1875ஆம் ஆண்டில் அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டபின் கொழும்புத் துறைமுகம் வளர, அதனை நம்பி வந்த கூலியாட்களும் வளர்ந்தனர். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலாயர் என்ற பேதமின்றி ஒரே முடுக்கில் அவர்கள் குடியிருக்கக் காரணமாயிருந்தது ஒன்றே: வேலைக்கு நடந்து செல்லலாம் என்பது. இன்றும் அக்காரணம் மாறவில்லை.

அத்தகைய தோட்டமொன்றில் வாழும் ஒரு குடும்பம். தந்தை புறக்கோட்டையில் நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களின் மொத்தவிலைக் கடைகளில் மூட்டை இறக்கும் நாட்டாமை. லொறி வந்தால் கூலி; வராவிட்டால் இல்லை. தாய் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இடியாப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கின்றாள். பாடசாலை செல்லும் பிள்ளைகள் மூவர். கண்பார்வை மங்கிய பாட்டி ஒருத்தி. இக்குடும்பத்தில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை எவரும் ஒருபோதும் கையில் வாங்கியதில்லை. காசு தினந்தோறும் வருகின்றது. சில தினங்களில் வராமலும் போகின்றது. ஆனால் வாடகை மாதத்திற்கொருமுறை கேட்கப்படுகின்றது. மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் மாதக் கணக்கில் வருகின்றன. பாடசாலைச் செலவு தவணைக்கொருமுறையும், பாட்டியின் மருந்துச் செலவு சொல்லாமலும் வருகின்றன. வரவு ஒரு காலக்கணக்கிலும் செலவு இன்னொரு காலக்கணக்கிலும் அமைந்திருப்பதே இக்குடும்பத்தின் முதற் சிக்கல். வருமானம் போதாமை அதன் மேல் ஏறிய இரண்டாவது சுமை.

நாட்காசு கொள்முதலின் அளவையும் நாளளவாகவே குறுக்கிவிடுகின்றது. கால் போத்தல் தேங்காயெண்ணெய், நூறு கிராம் பருப்பு, ஒரு சரை தேயிலை, ஐம்பது கிராம் பால்மாப் பைக்கற்று என்றே பொருள்கள் இவ்வீட்டுக்குள் நுழைகின்றன. ஒரு கிலோவை ஒருமிக்க வாங்குபவர் செலுத்தும் விலையிலும், அதே ஒரு கிலோவை நூறு நூறு கிராமாகப் பத்து முறை வாங்குபவர் செலுத்தும் விலை கூடியது. மாத ஆரம்பத்தில் மொத்தமாக வாங்கிச் சேமிக்கலாமே என்று அறிவுரை கூறுவோர், இவர்களுக்கு மாத ஆரம்பம் என்பதே இல்லை என்பதை மறந்துவிடுகின்றனர். வறியவர் அதிக விலை கொடுத்தே குறைவாக உண்கின்றனர் என்பது முரணாகத் தோன்றினும், கடைத்தராசு நாள்தோறும் காட்டும் உண்மை அதுவே.

காசு வராத நாள்களுக்கென இக்குடும்பம் சில ஏற்பாடுகளை வைத்திருக்கின்றது. அவற்றை எழுந்தமானமாக அது நாடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்கும் முறையும் உள்ளன.

முதலாவது, முடுக்கு முனையிலுள்ள சில்லறைக் கடையின் கொப்பி. அங்கு பெயருக்கு நேரே அன்றன்று எடுத்த பொருளும் விலையும் எழுதப்படும். "சனிக்கிழமை தந்துடுறன் முதலாளி" என்ற ஒரு சொல்லே அதற்குப் பிணை. தமிழில் 'நாணயம்' என்ற சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். காசாகிய நாணயம் இல்லாதவளுக்கு நேர்மையாகிய நாணயமே கைமுதல் என்பதை அக்கொப்பி மெய்ப்பிக்கின்றது. சனிக்கிழமை முழுத் தொகையும் தீர்க்க முடியாவிடினும் ஒரு பகுதியையாவது கொடுத்துவிடவேண்டும். அடியோடு கொடுக்காது அடுத்த முடுக்கால் சுற்றிப் போகும் நாள் வருமாயின் நாணயம் கெட்டுவிட்டது என்பது பொருள். கடைக்காரரும் வள்ளல் அல்லர். கடன் கொப்பி உள்ளவள் வேறு கடைக்குப் போகமாட்டாள். விலையைப் பற்றியும் தரத்தைப் பற்றியும் வாய் திறக்கமாட்டாள். எனினும் இருவருக்கும் இருவர் வேண்டியவர்.

இரண்டாவது, சீட்டு. பத்துப் பெண்கள் வாரத்துக்கு 500 ரூபா வீதம் கட்டினால் ஒவ்வொரு வாரமும் 5,000 ரூபா ஒருத்தியின் கைக்குச் செல்லும்; பத்து வாரங்களில் அனைவரும் எடுத்து முடிப்பர். முன்னர் எடுப்பவளுக்கு அது வட்டியில்லாக் கடன். பின்னர் எடுப்பவளுக்கு அது சேமிப்பு. எழுத்தும் இல்லை, பிணையும் இல்லை. ஒருவரையொருவர் நாள்தோறும் குழாயடியிற் காண்கின்றனர் என்பதே பாதுகாப்பு. பாடசாலை தொடங்கும் தைமாதத்தில் ஒருத்தி எடுப்பாள். கூரை ஒழுகும் மழைக்காலத்தில் இன்னொருத்தி எடுப்பாள். அவசரம் நேர்ந்தவளுக்குத் தன் முறையை விட்டுக்கொடுப்பதும் உண்டு. சிறு குழுக்களாக வாரந்தோறும் சேமிக்கும் இவ்வழக்கத்தின் வலிமையை உணர்ந்தே, 1989ஆம் ஆண்டில் கொழும்பின் வறிய குடியிருப்புகளில் மகளிர் வங்கி தோன்றியது. பெண்கள் தாமே சேமித்துத் தமக்கே கடன் கொடுக்கும் அவ்வமைப்பின் வேர், குழாயடிச் சீட்டில் உள்ளது எனலாம்.

மூன்றாவது, அடகு. தோடும் சங்கிலியும் இவ்வீட்டில் அணிகலன்கள் மட்டுமல்ல. அவை அவசரகாலக் காசு. மருத்துவச் செலவு வந்தால் வங்கிக்கோ அடகுக் கடைக்கோ போகும். சீட்டு எடுத்த வாரத்தில் மீண்டு வரும். நல்ல காலங்களில் ஒரு சோடித் தோடு ஆண்டுக்கு இரு முறையேனும் போய்த் திரும்புவது வழக்கம். பெண்ணின் காதில் தோடு உள்ளதா என்று பார்த்தே அவ்வீட்டின் நிலையை அயலார் அறிந்துகொள்வர். அதனால் தோடு அடகிலிருக்கும் நாளில் வேப்பங்குச்சியைக் காதில் செருகி, புண் என்று சொல்லிக்கொள்பவர்களும் உளர்.

நான்காவதும் இறுதியானதும் வட்டிக்காரர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கொழும்பில் ஆப்கானியர் வட்டிக்குக் கொடுத்தமை பலரும் அறிந்தது. அவர்கள் மறைந்தபின் அத்தொழில் மறையவில்லை. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டியென 10,000 ரூபா வாங்கியவர் பத்து மாதங்களில் 10,000 ரூபாவை வட்டியாகவே கொடுத்து முடிப்பார். முதல் அப்படியே நிற்கும். இதை அறியாமல் எவரும் அங்கு செல்வதில்லை. முன்னைய மூன்று கதவுகளும் அடைபட்ட பின்னரே நான்காவது கதவு தட்டப்படுகின்றது.

இவ்வேற்பாடுகள் யாவும் ஓர் எடுகோளின் மீது நிற்கின்றன. துன்பம் முறைவைத்து வரும் என்பதே அந்த எடுகோள். இவ்வாரம் ஒரு வீட்டில் காய்ச்சல், அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் வேலையின்மை என்று வருமிடத்து ஒருவரை ஒருவர் தாங்கலாம். எல்லா வீடுகளுக்கும் ஒரே நாளில் துன்பம் வருமாயின் தாங்குவதற்கு எவரும் எஞ்சியிரார். அண்மைய ஆண்டுகளில் நேர்ந்தது அதுவே.

2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது நாட்கூலி ஒரே நாளில் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் முதலிய பகுதிகள் மீண்டும் முடக்கப்பட்டன. சேமிப்பென்று இருந்தவை அப்பொழுதே கரைந்துவிட்டன. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2022 ஏப்ரில் 12ஆம் நாள் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முன்னைய ஆண்டினும் 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. உணவுப்பொருள்களின் உயர்வு மட்டும் 94.9 சதவீதம். நகர்ப்புற வறுமை 2021இல் 5 சதவீதமாக இருந்து 2022இல் 15 சதவீதமாயிற்று என உலக வங்கி மதிப்பிட்டது.

இவ்வெண்கள் அக்குடும்பத்தினுள் எவ்வாறு நுழைந்தன என்பதை நோக்குதல் தகும். டீசல் இல்லாமையால் லொறிகள் வரவில்லை. லொறி வராமையால் தந்தைக்கு மூட்டை இல்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தாய் மரக்காலைகளிற் கழிவுப் பலகை பொறுக்கி வந்து அடுப்பெரித்தாள். சன்னலற்ற அறையினுள் எழுந்த புகை பாட்டியின் இருமலைக் கூட்டியது. இருமல் மருந்துச் செலவைக் கூட்டியது. மாவின் விலை ஏற, இடியாப்பத்தின் விலையை அவள் உயர்த்த முயன்றாள்; சாப்பாட்டுக் கடைகள் வாங்கும் எண்ணிக்கையைக் குறைத்தன. முடுக்கு முனைக் கடைக்காரர், "தங்கச்சி, எனக்கே மொத்தக் கடையில கடன் தாறாங்க இல்ல" என்று கூறிக் கொப்பியை மூடினார். அவர் கூறியது பொய்யன்று. சீட்டில் இருந்த பத்துப் பேருக்கும் ஒரே வாரத்தில் காசு தேவைப்பட்டது. கட்டுவதற்கோ நால்வரிடமே காசு இருந்தது. சண்டை ஏதுமின்றியே சீட்டு முறிந்தது. 2022 ஏப்ரிலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதைத் தொடர்ந்து அடகு வட்டியும் ஏறிற்று. அடகிலிருந்த தோடு அம்முறை மீளவில்லை, மூழ்கிப்போயிற்று.

ஆயினும் அக்குடும்பம் அழிந்துவிடவில்லை. அது 'சமாளித்தது'. இங்கேதான் கணக்கை மேலும் ஒரு படி உள்ளே சென்று பார்க்கவேண்டியுள்ளது. குடும்பம் என்ற சொல் ஒருமையாயினும் அதனுள் இருப்போர் பலர். சோறு குறைந்தபோது முதலில் மீனும் முட்டையும் நின்றன. பின்னர் காலை உணவு நின்றது. பின்னர் தாயின் இரவு உணவு நின்றது. மூட்டை தூக்கும் தந்தைக்கு உடலில் வலு வேண்டும், பிள்ளைகள் வளரவேண்டும், பாட்டி நோயாளி. இவ்வாறு ஒவ்வொருவருக்கும் உண்பதற்கு ஒரு நியாயம் இருந்தது. இறுதியாக உண்பவளுக்கு மட்டும் நியாயம் எதுவும் எஞ்சவில்லை. தனக்குப் பசியில்லை என்று அவள் கூறினாள். பிள்ளைகளும் அதனை நம்பினர்.

அவளை அடுத்து விலை கொடுத்தவள் மூத்த மகள். மூன்று பிள்ளைகளுக்கும் பேருந்துக் கட்டணமும் கொப்பிகளும் வாங்க இயலாதபோது, பத்தாம் வகுப்பிற் கற்றுக்கொண்டிருந்தவள் சில மாதங்களுக்கு மட்டும் என்று கூறிப் புறக்கோட்டைப் புடைவைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். எவரும் அவளை வற்புறுத்தவில்லை. அவளது சம்பளத்தால் கடைக் கொப்பி மீண்டும் திறக்கப்பட்டது. லொறிகள் மறுபடியும் வரத்தொடங்கிய பின்னரும் அவள் பாடசாலைக்குத் திரும்பவில்லை. தம்பியின் கடன் ஒன்று, பாட்டியின் கண் சத்திரசிகிச்சைக்கான பயணச் செலவு ஒன்று என அந்தச் சில மாதங்கள் நீண்டன. அயலில் வேறு சில வீடுகளிற் தாய்மாரே வெளிநாடு சென்றனர். 2022இல் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் சென்றோர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். சிறு குழந்தைகளுள்ள தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வதற்கிருந்த கட்டுப்பாட்டில், குழந்தையின் குறைந்தபட்ச வயதெல்லை அதே ஆண்டில் ஐந்திலிருந்து இரண்டாகத் தளர்த்தப்பட்டது. ஆக, நாடும் தன் நெருக்கடியைச் சமாளித்தது. அதற்கு அது கைக்கொண்ட வழி ஏழை வீட்டின் வழியினின்று வேறுபட்டதன்று.

அரசின் உதவி எங்கே என்ற வினா எழுதல் இயல்பு. இரண்டாம் உலகப் போர்க்காலமாகிய 1942இல் தொடங்கிய பங்கீட்டு அரிசி நெடுங்காலம் ஏழை வீட்டின் அத்திவாரமாயிருந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் எழுந்தது. முதியோர் 'கூப்பன் அரிசி' என்று இன்றும் நினைவுகூர்வது அக்காலத்தையே. 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023 யூலையில் அஸ்வெசும என உதவியின் பெயர்கள் மாறின. பெயர்களோடு தன்மையும் மாறியது. பங்கீட்டரிசி அளவாற் கொடுக்கப்பட்டது. விலை ஏறினும் கொத்து குறையாது. பின்னர் வந்தவை பெரும்பாலும் ரூபாவாற் கொடுக்கப்படுகின்றன. விலை ஏற ரூபா தேய்கின்றது. 2023இல் அஸ்வெசும நான்கு பிரிவினருக்கு மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை வழங்கத் தொடங்கியது. உரியவரைத் தெரிவுசெய்ய வீட்டின் நிலை, உடைமைகள், மின்பாவனை முதலிய 22 குறிகாட்டிகள் பயன்படுத்தப்பட்டன.

இம்முறை நேர்மையான நோக்குடையதாயினும் நகர வறுமைக்கு முற்றும் பொருந்துவதன்று. செங்கற் சுவரும் சீற்றுக் கூரையும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் நிற்கும் பொருள்கள். அவை எளிதிற் கண்ணுக்குத் தெரிகின்றன. கடைக் கொப்பி, முறிந்த சீட்டு, மூழ்கிய தோடு என்பன ஓடும் பொருள்கள்; கணக்கெடுக்க வருபவரின் படிவத்தில் அவற்றுக்குக் கட்டம் இல்லை. நகரத்தில் ஒருவர் சுவருள்ள வீட்டினுள் இருந்துகொண்டே பட்டினி கிடக்கலாம். குடியிருப்புகளைப் பெயர்த்துப் பல மாடிக் கட்டடங்களில் மக்களை ஏற்றிய திட்டங்களிலும் இக்குறையே காணப்பட்டது. வீடு உயர்ந்தது, ஆனால் பெயர் சொன்னாலே கடன் தரும் கடையும், சீட்டுப் பிடிக்கும் அயலும் கீழேயே தங்கிவிட்டன. ஒன்பதாம் மாடியில் விறகடுப்பு மூட்டவும் இயலாது. மாதக் கட்டணங்கள் கூடின. வரவோ முன்போல் நாட்காசாகவே இருந்தது.

இவற்றை நோக்குமிடத்துச் சில முடிவுகள் தெளிவாகின்றன. நகர ஏழைக்குச் சிக்கனம் கற்பிக்கவேண்டிய தேவை இல்லை. நூறு கிராம் பருப்பை ஆறு பேருக்கு ஆக்குபவளிடம் கற்பதற்கே உண்டு. அவளுக்குத் தேவைப்படுவது, அவளது வரவின் காலத்தோடு ஒத்துவரும் ஏற்பாடுகள்: கட்டணங்களைச் சிறு தொகைகளாகச் செலுத்தும் வசதி, நியாயமான வட்டியிற் சிறுகடன், விலையேற்றத்தோடு உயரும் உதவித்தொகை, பாடசாலையிலேயே ஒரு வேளை உணவு. இடைவிலகிய பிள்ளையைத் தேடிச்சென்று மீண்டும் வகுப்பில் அமர்த்தும் பொறுப்பை எவரேனும் ஏற்றல் எல்லாவற்றிலும் இன்றியமையாதது. ஏனைய கடன்களை எப்பாடுபட்டேனும் தீர்க்கலாம். பதினைந்து வயதில் விட்ட படிப்பை இருபது வயதில் மீட்பது அரிது.

பொருளியலும் சமூகவியலும் பயில்வோர் வறுமைக்கோட்டுக்கு மேலே எத்தனை பேர், கீழே எத்தனை பேர் என்று எண்ணுவதோடு அமைதல் போதாது. ஒரு குடும்பம் சமாளித்துவிட்டது என்று எழுதுமுன், அதன் கடைக் கொப்பியில் நிலுவை எவ்வளவு, அடகிற் போனது எது, இரவில் உண்ணாதவர் யார், வகுப்பறையில் வெறுமையாயுள்ள இருக்கை எவருடையது என்ற நான்கு வினாக்களையும் கேட்டறிதல் வேண்டும். அவ்விடைகளும் சேர்ந்த பின்னரே அக்குடும்பத்தின் கணக்கு முழுமை பெறும்.